விளக்கு வைக்கும் பூ

அந்தக் காலத்தில், ஆட்டுக்கும் காக்கைக்கும் கூரைமேல் படரும் கொடிக்கும் கூட வாய் இருந்தது. மனிதர்கள் அவற்றோடு வழக்காடுவார்கள், வம்பளப்பார்கள், யோசனை கேட்பார்கள். ஓநாய்களும் பேசும்தான். ஆனால் பேசி முடித்ததும் கடித்துவிடும் என்பதால் அவற்றோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் காலத்தில் செவலாற்றின் இக்கரையில் ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊரின் கடைசி வீடு மேட்டில் இருந்தது. அது சிலம்பாயியின் வீடு. அவள் புருஷன் தவசி ஊர் ஆடு மேய்ப்பவன். விடிந்ததும் நூற்றிருபது ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி அக்கரைச் சரிவுக்குப் போவான், பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்புவான். தவசியின் தங்கை வடிவும் அவர்களோடுதான் இருந்தாள். கை ஓயாமல் வேலை செய்வாள், வாய் ஓயாமல் கேலி செய்வாள்.

சிலம்பாயிக்கு ஒரு கிறுக்கு உண்டு. கொடி வளர்ப்பது. பூசணி, பாகல், வெள்ளரி, சுரை, புடல், பீர்க்கு என்று கூரையும் வேலியும் தெரியாதபடி ஏற்றிவிட்டிருந்தாள். வீட்டைத் தேடி வருகிறவர்கள் வாசலைத் தேட வேண்டியிருக்கும். "எங்க மதினி வீடு கட்டி அதுக்குள்ள கொடி வளர்க்கல, கொடி வளர்த்து அதுக்குள்ள எங்கள வச்சிருக்கா" என்பாள் வடிவு. சிலம்பாயிக்கு அந்தக் கேலி பிடிக்கும். காய் பறிக்க வேண்டும் என்பதற்காக அவள் கொடி வளர்க்கவில்லை. ஒரு கொடி நேற்று எட்டாத கம்பை இன்று எட்டிப் பிடித்திருப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவுதான்.

ஆனால் அவளுடைய பெருமை கொடியில் இல்லை, விளக்கில் இருந்தது.

செவலாறு குணங்கெட்ட ஆறு. மழைக்காலத்தில், மலையில் காலையில் பெய்த மழை மத்தியானம் ஆற்றில் வந்து சேரும். ஆறு நெஞ்சளவு ஓடும். பொழுது சாயும்போது அது வடிந்து, இரண்டு நாழிகை நேரம் முழங்கால் அளவில் கிடக்கும். பிறகு மலையில் மத்தியானம் பெய்த மழை வந்துவிடும். அந்த இரண்டு நாழிகையில் கடந்தால் கடந்தது. தண்ணீர் செம்மண் கலங்கி ஓடுவதால் கரையில் நின்று பார்த்தாலும் ஆழம் தெரியாது. அக்கரையில் தங்கிவிடலாம் என்றால் ஓநாய் இருக்கிறது.

ஆகையால் ஊரில் ஒரு முறை வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் மேட்டு வீட்டுச் சிலம்பாயி, கூரை ஓரத்தில் நட்ட கம்பத்தில் விளக்கு வைப்பாள். மழையில் அணையாதபடி வாயகன்ற பானையைப் பக்கவாட்டில் கட்டி, அதற்குள் அகலை ஏற்றுவாள். அக்கரைச் சரிவிலிருந்து பார்த்தால் அது தெரியும். தெரிந்த உடனே தவசி ஆட்டைத் திருப்பிவிடுவான். விளக்கு சரியாக இருந்தால் ஆறு சரியாக இருக்கும்.

எட்டு வருஷம். ஒருநாள் முந்தியதில்லை, ஒருநாள் பிந்தியதில்லை. வாசல் முருங்கையின் நிழல் வேலியின் மூன்றாவது கல்லைத் தொடும்போது சிலம்பாயி திரியைத் தூண்டுவாள். அதைப் பார்த்துத்தான் ஊரில் உலை வைப்பார்கள், மாட்டைக் கட்டுவார்கள், விளையாடப் போன பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். "சிலம்பாயி விளக்கு வச்சாச்சா?" என்பதுதான் அந்த ஊரில் நேரம் கேட்கிற விதம். தன் பெயரைச் சொல்லி ஊர் நேரம் கேட்பதைக் கேட்கும்போதெல்லாம் அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே. செய்த வேலைக்கு நிமிர்ந்த கழுத்துதானே.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் வானம் மூடியது. மற்ற வருஷங்களில் மழை பெய்யும், விடும், ஒரு துண்டு வெயில் எட்டிப் பார்க்கும். அந்த வருஷம் ஒரேயடியாகச் சாத்திவிட்டது. சூரியன் இருக்கிறானா, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டானா என்றே தெரியவில்லை. நிழல் இல்லாத முருங்கை வாசலில் சும்மா நின்றது. ஊரில் ஒரு வீட்டில் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அப்போதும் சிலம்பாயி ஏதோ ஒரு குத்துமதிப்பில் ஆறு நாள் சரியாக ஏற்றிவிட்டாள். ஏழாம் நாள்தான் அந்தத் தாயம் வந்து கெடுத்தது.

மழைக்கு வெளியே போக வழியில்லை. வடிவு தரையில் கரித்துண்டால் கட்டம் கீறி, சோழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வாங்க மதினி, ஒரு ஆட்டம்." சிலம்பாயி உட்கார்ந்தாள். வடிவுக்கு அன்று சோழி சொன்னபடி கேட்டது. மூன்று முறை மதினியின் காயை வெட்டினாள். தாயம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஜெயிக்கிறவருக்கு நேரம் பறக்கும், வெட்டு வாங்குகிறவருக்கு அது நகரவே நகராது. நான்காவது காயும் வெட்டுப்பட்டபோது சிலம்பாயிக்கு ஒரு யுகம் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. தலை நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். வெளியே கும்மென்று இருட்டு.

"அய்யய்யோ, பொழுது போயிருச்சே!" என்று பதறி எழுந்தாள். சோழி சிதறியது. ஓடிப்போய் விளக்கை ஏற்றினாள்.

அக்கரையில் தவசி விளக்கைப் பார்த்தான். அவனுக்கும் சந்தேகம்தான். ஆடுகள் இன்னும் பாதி வயிறு கூட மேயவில்லை. ஆனால் அது சிலம்பாயியின் விளக்கு. எட்டு வருஷமாகப் பொய் சொல்லாத விளக்கு. மறு யோசனை இல்லாமல் ஆட்டை ஆற்றில் இறக்கினான்.

ஆறு நெஞ்சுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

முன்னால் போன மூன்று குட்டிகள் கண்ணெதிரே போயின. தவசியைத் தண்ணீர் ஒரு பாறையில் கொண்டுபோய் அடித்தது. கூட்டத்துக்கு முன்னோடியான பெரிய கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினான். மற்ற ஆடுகள் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தன. முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்த நேரத்தில், மேற்கே மேகம் ஓர் ஓட்டை விட்டது. அதன் வழியாக வெயில் விழுந்தது. நல்ல, சூடான, பட்டப்பகல் வெயில். முருங்கையின் நிழல் முதல் கல்லைக்கூட எட்டவில்லை. கம்பத்தில் சிலம்பாயியின் விளக்கு அந்த வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.

ஊரே அதைப் பார்த்தது.

நாட்டாமை வந்தார். கெட்ட மனிதர் இல்லை. போன குட்டிகளில் ஒன்று அவருடையது, ஆனால் அதைப் பற்றி அவர் பேசவில்லை. "ஏம்மா சிலம்பாயி, உன்மேல குத்தம் சொல்ல வரல. எட்டு வருஷம் நல்லாப் பாத்துக்கிட்ட. இனிமே விளக்கு எங்க வீட்டுக் கம்பத்துல இருக்கட்டும்" என்றார்.

திட்டியிருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த மெதுவான பேச்சு அவளை அறுத்துவிட்டது.

தவசிதான் பேசினான். வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தபடியே, "அய்யா, ஆத்துல இறங்குறது நான். எந்த விளக்கப் பாத்து இறங்கணும்னு நான்தான் சொல்லணும். நாளைக்கு ஒருநாள் காலுக்கு ஓய்வு குடுக்குறேன். நாளன்னைக்கு ஆட்ட ஓட்டுவேன். அன்னைக்கும் எம்பொண்டாட்டி விளக்குதான். அதுவும் தப்புச்சுன்னா நீங்க சொல்றபடி செய்ங்க" என்றான்.

நாட்டாமை அவன் முழங்காலைப் பார்த்தார். "உயிரு உன்னுது. ஒருநாள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சிலம்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரம் தெரிந்தவர்களைத் தேடிப் புறப்பட்டாள்.

சேவலைக் கேட்டாள். "எனக்கு விடியக்காலம் மட்டும்தான் பொறுப்பு. சாயங்காலத்தப் பத்தி எங்க அப்பன் பாட்டன் எதுவும் சொல்லித் தரல" என்று சேவல் கொண்டையை ஆட்டியது.

காக்கையைக் கேட்டாள். காக்கை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, "வெளிய சொல்லாத. நேத்து நாங்களும் மத்தியானமே போய்ப் படுத்துட்டோம். வெயில் அடிச்சப்பதான் தெரிஞ்சுது. மானம் போச்சு" என்றது.

தவளையைக் கேட்டாள். "எங்களுக்கு ஐப்பசி முழுக்கச் சாயங்காலம்தான்" என்று சொல்லிவிட்டு அது பாட்டைத் தொடர்ந்தது. பசுவைக் கேட்டால், பசி எடுக்கும்போதெல்லாம் பொழுது சாய்கிறது என்றது. அந்தப் பசுவுக்கு எப்போதும் பசி.

சிலம்பாயி வீட்டுக்குத் திரும்பி வந்து கம்பத்தடியில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அழுதாள். "எட்டு வருஷம் வச்ச விளக்கு. நாளைக்கு அவர ஆத்துல விடப்போறேனே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"ஊரெல்லாம் கேட்ட. தலைக்கு மேல இருக்குறவள ஒரு வார்த்த கேட்டியா?" என்று ஒரு சன்னக் குரல் வந்தது.

பீர்க்கங்கொடி. கம்பத்தை ஒட்டிக் கூரையேறி, விளக்குப் பானைக்கு ஒரு சாண் தள்ளி முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஆடியில் ஊன்றிய விதை. ஆவணியில் அது கம்பத்தில் ஏறி, விளக்குக் கயிற்றையே சுருட்டிப் பிடித்துக்கொண்டபோது வடிவு அரிவாளோடு வந்தாள். சிலம்பாயி விடவில்லை. ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, அதில் பிடிக்க வைத்தாள். அரை நாள் ஆனது. வடிவு அரை நாளும் சிரித்தாள்.

"உனக்கு நேரம் தெரியுமா?" என்று சிலம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சூரியன் நேரம் எனக்குத் தெரியாது" என்றது பீர்க்கு. "ஆனா ரெண்டு இலை விட்ட நாள்ல இருந்து உன் விளக்கச் சுத்தித்தான வளர்றேன். நித்தம் ஒரே நேரத்துல அந்தச் சூடு என் தண்டுல படும். மூணு மாசமா படுது. அது வரப்போகுதுன்னா முன்கூட்டியே என் உடம்பு முறுக்கிக்கும். நேத்து நீ ஏத்துனப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கத்துனேன். மழையில உனக்குக் கேக்கல."

சிலம்பாயி எழுந்து நின்றாள். "அப்ப உங்கிட்ட இருக்குறது..."

"உன் நேரந்தான். நீ வச்சதுதான். பத்திரமா இருக்கு."

சிலம்பாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டு வருஷம் சரியாக வைத்தது வீண்போகவில்லை. தன் கை தவறிய அன்றும் அது ஓரிடத்தில் தவறாமல் இருந்திருக்கிறது.

"ஆனா நாளைக்கும் மழை கொட்டுமே, நீ சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்?"

பீர்க்கு தன் மொட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு, "கண்ணுக்குத் தெரியுற மாதிரி சொல்றேன். நாளைக்கு என் மொட்டப் பாரு" என்றது.

இதைக் கேட்டுக் கூரையின் அந்தக் கோடியிலிருந்த பூசணி கலகலவென்று சிரித்தது. அந்தக் காலத்தில் மஞ்சள் பூக்காரர்கள் எல்லாருக்கும் விடியல்தான் நேரம். பூசணி, பாகல், வெள்ளரி, பீர்க்கு, எல்லாம் ஒரே சமயத்தில் பூக்கும். தேனீக்களும் அந்த நேரத்துக்குத்தான் வரும். சுரையும் புடலும் மட்டும் வெள்ளை உடுத்திக்கொண்டு இருட்டில் தனியாகப் பூக்கும். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"ஏ பீர்க்கு, விடியல விட்டா தேனீ கிடையாது. தேனீ இல்லாட்டி காய் பிடிக்காது. பொழுது சாயப் பூத்து யாருக்குக் காட்டப்போற? அதுவும் ஒருநாளோட போகாதுடி. நம்ம சாதிக்கு ஒரு தடவ மாத்துனா மாத்துனதுதான். நாளைக்கு உன் விதையும் அதத்தான் செய்யும்" என்றது பூசணி.

"தெரியும்" என்றது பீர்க்கு. "எல்லாக் கொடியும் கம்பத்தப் பிடிச்சு வளரும். நான் விளக்கப் பிடிச்சு வளந்தவ. என் விதைக்கும் அந்தப் பேரு இருக்கட்டும்."

மூன்றாம் நாள் விடிந்தது. விடிந்ததா என்பதே சேவல் சொல்லித்தான் தெரிந்தது. தவசி காலில் துணி சுற்றிக்கொண்டு ஆட்டை ஓட்டினான். வாசலைத் தாண்டும்போது திரும்பி, "ஏ புள்ள, நான் விளக்கப் பாத்துத்தான் வருவேன். யார் பேச்சையும் கேக்காத" என்றான்.

கூரையில் பூசணி பூத்தது, பாகல் பூத்தது, வெள்ளரி பூத்தது. தேனீக்கள் மழைக்கு நடுவே அவசர அவசரமாக வந்து வேலையை முடித்துப் போயின. பீர்க்கின் மொட்டுகள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தன. விடியலில் பூப்பது அதன் இரத்தத்தில் ஊறிய பழக்கம். அதைப் பிடித்து நிறுத்துவதில் கொடி முழுவதும் நடுங்கியது. சிலம்பாயி கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று தாயம் இல்லை, சோழி இல்லை.

அன்று வந்த இருட்டைப் போல ஓர் இருட்டை அந்த ஊர் பார்த்ததில்லை. எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஊர் மேட்டு வீட்டு வாசலில் கூடியது.

"இருட்டிப்போச்சு சிலம்பாயி, விளக்க ஏத்து!"

"இல்ல. இன்னும் ஆகல."

"கண்ணு தெரியலையா உனக்கு? அன்னைக்கு முந்துன, இன்னைக்குப் பிந்தப் போறியா?"

அவள் மொட்டைப் பார்த்தாள். மூடியிருந்தது. "ஆகல" என்றாள்.

கேலிக்கார வடிவுக்கே குரல் உடைந்தது. அவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அங்க நிக்கிறது எங்க அண்ணன். எனக்கு வேற யாரு இருக்கா? ஏத்திருங்க மதினி" என்று அழுதாள்.

சிலம்பாயி அந்தக் கையை விடவில்லை. "எனக்கு மட்டும் யாருட்டி இருக்கா? நீ பயந்தா அழு. நானும் பயந்துதான் நிக்கிறேன். ஆனா பயத்தப் பாத்து விளக்கு வைக்க மாட்டேன். அன்னைக்கு அப்படித்தான் வச்சேன்" என்றாள்.

நாட்டாமை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தீப்பந்தத்தை உயர்த்தினார். "நீ வைக்கலைன்னா நான் வைக்கிறேன்" என்று கம்பத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். சிலம்பாயி கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அய்யா, அவர் எந்த விளக்கப் பாத்து இறங்குவேன்னு சொன்னாரு? பொய் விளக்கு காட்டி அவரக் கூப்புடாதீங்க."

நாட்டாமை நின்றார். அப்படியே எவ்வளவு நேரம் போனதோ. தாயத்தில் வெட்டு வாங்கிய அன்று போல அவளுக்கு அது நீண்டது, ஆனால் இந்த முறை அவள் அதை நம்பவில்லை.

பிறகு, தீப்பந்தத்தின் வெளிச்சத்தில், அவள் தலைக்கு மேலே, முதல் மொட்டின் நுனி பிரிந்தது. ஓர் இதழ் விலகியது. இன்னொன்று. ஐந்தும் விரிந்தன. அடுத்த மொட்டு, அதற்கடுத்தது என்று கம்பத்திலிருந்து கூரையின் கோடி வரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக்கொண்டே போனது. பீர்க்கு சாயங்காலம் பூத்து யாரும் பார்த்ததில்லை. கூட்டம் வாய் பிளந்து நின்றது.

"இப்ப!" என்றாள் சிலம்பாயி. நாட்டாமையின் பந்தத்திலிருந்தே திரியைப் பற்ற வைத்துப் பானைக்குள் இறக்கினாள்.

எல்லாரும் ஆற்றுக்கு ஓடினார்கள். முதலில் மணிச்சத்தம் கேட்டது. பிறகு பெரிய கிடாயின் கொம்பு தெரிந்தது. அதன் பின்னால் ஆடுகள், ஆடுகளுக்குப் பின்னால் நொண்டி நொண்டித் தவசி. தண்ணீர் அவன் முழங்காலில் சுற்றிய துணியைத்தான் நனைத்தது. கடைசிக் குட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு அவன் மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, ஆறு வரும் பக்கம் திடுதிடுவென்று ஒரு சத்தம். அவன் கடந்துவந்த இடத்தில் ஒரு முழு மரம் புரண்டுகொண்டு போனது. இரவு வெள்ளம் வந்துவிட்டது.

வடிவு அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "ஒரு ஆடு கூடக் குறையல, அண்ணன் கால்தான் ஒண்ணு குறையுது" என்றாள். கேலி திரும்பி வந்துவிட்டது என்றால் பயம் போய்விட்டது என்று அர்த்தம்.

"என்ன அய்யா, விளக்கு எங்க இருக்கட்டும்?" என்று தவசி கேட்டான்.

நாட்டாமை மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பந்தத்தை ஆற்றில் எறிந்தார். "இருக்குற எடத்துலயே இருக்கட்டும். எங்க வீட்டுக் கம்பத்துக்கு எனக்கு ஒரு பீர்க்கு வெதை குடும்மா" என்றார்.

சிலம்பாயியின் கழுத்து நிமிர்ந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்தது.

வீடு திரும்பியபோது அவளுக்கு ஒரே ஒரு கவலை. தேனீ இல்லாமல் பீர்க்கு காய்க்காதே. ஆனால் அங்கே, விளக்கைத் தேடி வந்த அந்திப்பூச்சிகள் பானையைச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தில் பக்கத்தில் மஞ்சளாக என்னவோ தெரியவும், ஒன்று போய் உட்கார்ந்து பார்த்தது. தேன் இருந்தது. அது போய் மற்றவற்றைக் கூட்டிவந்தது. பத்து நாளில் கூரை தொங்கத் தொங்கக் காய். அதுவரை வழுவழுவென்றிருந்த பீர்க்கங்காய் அந்தப் பத்து நாளில் முதுகெல்லாம் வரிவரியாகப் புடைத்து நின்றது. பெருமையில் புடைத்த நரம்பு என்று வடிவு சொன்னாள். பூசணி மட்டும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

விதை வீடு வீடாகப் போனது, ஊர் ஊராகப் போனது. அன்று முதல்தான், மற்ற மஞ்சள் பூக்களெல்லாம் விடியலில் பூத்தாலும், பீர்க்கு மட்டும் பொழுது சாயும் வரை காத்திருந்து பூக்கிறது. வானம் மூடிய ஐப்பசியில் நிழல் தெரியாத வீடுகளில் இன்றைக்கும் யாராவது கூரையைப் பார்த்து, "பீர்க்கு பூத்தாச்சு, விளக்க வை" என்று குரல் கொடுக்கிறார்கள். அப்படிச் சொல்லி அவர்கள் வைப்பது சிலம்பாயியின் விளக்கு.